குதிரைக்கு இருபுறமும் நடப்பவர்கள்

சிகிச்சைக் குதிரையேற்றம் என்றதும் பத்திரிகைகளில் வருகிற படம் ஒன்றுதான்: தலைக்கவசம் அணிந்த ஒரு குழந்தை, குதிரை மேல், முகம் நிறையச் சிரிப்பு. நன்கொடை கேட்டு வரும் துண்டறிக்கையிலும் அதே படம்தான். அந்தப் படத்தின் ஓரங்களில் பெரும்பாலும் மூன்று பேர் வெட்டப்பட்டிருப்பார்கள். கயிற்றைப் பிடித்துக் குதிரையோடு நடப்பவர் ஒருவர். குழந்தையின் இடப்புறமும் வலப்புறமும் நடப்பவர்கள் இருவர். இவர்களைத் தவிர, மைதானத்தின் நடுவில் நின்று நடத்துகிற பயிற்றுநர் வேறு. தானாக நிமிர்ந்து உட்கார முடியாத ஒரு குழந்தை அரை மணி நேரம் குதிரையில் போய்வர நான்கு பெரியவர்கள் வேண்டும். இந்தத் திட்டங்கள் சில ஊர்களில் ஐம்பது ஆண்டுகளாக நடப்பதற்கும், சில ஊர்களில் திறப்பு விழாவோடு நின்றுபோவதற்கும் காரணம் இந்தக் கணக்கில் இருக்கிறது; குதிரையில் இல்லை.

குதிரை செய்கிற வேலை என்ன என்பதை முதலில் பார்த்துவிடலாம். நடக்கும் குதிரையின் முதுகு மேலும் கீழும், முன்னும் பின்னும், பக்கவாட்டிலும் ஒரே நேரத்தில் அசைகிறது. மேலே உட்கார்ந்திருப்பவரின் இடுப்பும் அதோடு சேர்ந்து அசைகிறது. மனிதர் நடக்கும்போது இடுப்பு எப்படி அசையுமோ ஏறத்தாழ அப்படியே. நிமிடத்துக்குச் சுமார் 100 அடி என்று வைத்துக்கொண்டால், அரை மணி நேரத்தில் கிட்டத்தட்ட 3,000 முறை அந்த உடம்பு சற்றே சாய்ந்து, தன்னைச் சரிசெய்துகொண்டு நிமிர்கிறது. சொந்தக் காலில் நடந்தே அறியாத பிள்ளைக்கு நடையின் தாளம் இடுப்பு வழியாகக் கிடைக்கிறது. மூளை முடக்குவாதத்தில் உள்தொடைத் தசைகள் இறுகிப்போயிருக்கும். கால்களை அகட்டி உட்காரும்போது அவை மெல்ல இளகுகின்றன. 38 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள குதிரை உடம்பும் அதற்குத் துணைசெய்கிறது.

ஆய்வுகள் இதை எவ்வளவு தூரம் உறுதி செய்கின்றன? 2003இல் அமெரிக்காவில் பெண்டா, மெக்கிப்பன், கிரான்ட் என்ற மூவர் மூளை முடக்குவாதமுள்ள 15 குழந்தைகளை இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு 8 நிமிடம் குதிரையில் உட்கார்ந்தது. மற்றது அதே 8 நிமிடம் ஒரு பீப்பாயின் மேல் கால் அகட்டி உட்கார்ந்தது. குதிரையில் இருந்தவர்களின் இடப்பக்க, வலப்பக்கத் தசைகளுக்கு இடையிலான சமன் மேம்பட்டது. பீப்பாயில் இருந்தவர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. 2015இல் கொலராடோவில் கேப்ரியல்ஸ் குழுவினர் ஆட்டிசம் உள்ள 6 முதல் 16 வயது வரையிலான 127 பேரைக் கொண்டு 10 வாரம் நடத்திய ஆய்வு இதைவிடப் பெரியது. ஒரு பிரிவினர் குதிரையேறக் கற்றார்கள். மற்றவர்கள் அதே லாயத்தில் குதிரையைப் பற்றிய பாடங்களைப் படித்தார்கள். ஆனால் உயிருள்ள குதிரையைத் தொடவில்லை. எரிச்சலும் அமைதியின்மையும் குறைந்து பேச்சு கூடியது முதல் பிரிவில்தான்.

முதல் ஆய்வு சிறியது. அளந்ததும் உடனடி விளைவை மட்டுமே. இரண்டாவது ஆய்வில் மாற்றங்கள் பலவற்றை மதிப்பிட்டவர்கள் குழந்தைகளைப் பராமரிப்பவர்களே. தன் பிள்ளை குதிரை ஏறியது தெரிந்த தாய் கொஞ்சம் கூடுதலாகத்தான் மதிப்பெண் போடுவார். ஆக, இயன்முறை சிகிச்சைக்கும் பேச்சுப் பயிற்சிக்கும் துணையாக இது பயன்படுகிறது என்று சொல்லலாம். அவற்றுக்குப் பதிலாக இதை வைக்க முடியாது. “நடக்காத குழந்தை நடந்துவிட்டது” என்று விளம்பரம் செய்கிறவர்களை நான் நம்புவதில்லை.

இந்த விளம்பரங்கள் தவறாமல் இழுத்துவரும் பெயர் லிஸ் ஹார்டல். டென்மார்க்கைச் சேர்ந்த இந்தப் பெண் 1944இல் கருவுற்றிருந்தபோது இளம்பிள்ளை வாதத்துக்கு ஆளானார். முழங்காலுக்குக் கீழே செயலிழந்தது. எட்டு ஆண்டு கழித்து, 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் டிரெஸ்ஸாஜ் எனப்படும் குதிரை நடைப் போட்டியில் ஜூபிலி என்ற குதிரையோடு வெள்ளி வென்றார். அதுவரை ராணுவ அதிகாரிகளுக்கு மட்டுமே திறந்திருந்த அந்தப் போட்டியில் பெண்கள் ஆண்களுடன் நின்றது அந்த ஆண்டுதான். தங்கம் வென்ற ஸ்வீடன் வீரர் ஹென்றி செயின்ட் சிர் அவரைத் தாங்கிப் பிடித்து மேடை ஏற்றினார். 1956இல் மீண்டும் வெள்ளி.

இந்தக் கதையைக் ‘குதிரை குணப்படுத்திய கதை’யாகச் சொல்வது தவறு. ஹார்டல் நோயில் விழுவதற்கு முன்பே, 1943லும் 1944லும் டென்மார்க்கின் டிரெஸ்ஸாஜ் சாம்பியன். அவருடைய கால்கள் கடைசிவரை பழைய நிலைக்குத் திரும்பவில்லை. ஏறவும் இறங்கவும் பிறர் உதவி வேண்டியிருந்தது. அவர் உண்மையில் காட்டியது வேறு: ஏற்றிவிடவும் இறக்கிவிடவும் ஆட்கள் இருந்தால், குறைபாடு அப்படியே இருக்கும்போதே ஒருவர் உலகத் தரத்தில் சவாரி செய்யலாம். ஐரோப்பாவில் அவருக்குப் பின் வந்தவர்கள் இதைச் சரியாகப் புரிந்துகொண்டார்கள். அவர்கள் கட்டியது மருத்துவமனை அல்ல, உள்ளூர்க் குழுக்கள்.

பிரிட்டனில் 1969இல் உருவான மாற்றுத்திறனாளிகள் குதிரையேற்றச் சங்கம் அப்படிப்பட்டது. இளவரசி ஆன் 1985 முதல் அதன் தலைவர். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் குதிரையேறிய அவர் வெறும் அலங்காரப் பெயர் அல்ல என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனாலும் சங்கம் ஓடுவது அரண்மனையால் அல்ல. நாடெங்கும் நூற்றுக்கணக்கான குழுக்கள். ஒவ்வொன்றையும் சுமப்பவர்கள் அந்தந்த ஊரின் ஓய்வுபெற்றவர்களும் இல்லத்தரசிகளும் கல்லூரி மாணவர்களும். நமக்குப் பக்கத்திலேயே சிங்கப்பூரில் 1982 முதல் இப்படி ஓர் அமைப்பு இயங்குகிறது. அங்கே பயிற்சிக்குக் கட்டணம் வாங்குவதில்லை. நன்கொடையும் தன்னார்வலர்களும்தான் முதல். அங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் நம்மைவிட இதை நன்றாக அறிந்திருக்கக்கூடும்.

பக்கத்தில் நடப்பது எளிய வேலை என்று நினைத்துப் போகிறவர்கள் முதல் நாளே திகைக்கிறார்கள். ஒரு முன்கையைக் குழந்தையின் தொடை மேல் குறுக்காக வைத்து, விரல்களால் சேணத்தின் முன்பகுதியைப் பிடித்தபடி மணலில் அரை மணி நேரம் நடக்க வேண்டும். அதிகம் அழுத்தினால் குழந்தை சாய்வதற்கு அதுவே காரணமாகிவிடும். தளர்த்தினால் பிடிப்பு இல்லை. கை வலித்தால் குதிரையை நிறுத்தச் சொல்லி, ஒருவர் பின் ஒருவராகப் பக்கம் மாற வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் கையெடுக்கக் கூடாது. பேச்சும் குறைய வேண்டும். இரண்டு காதிலும் இரண்டு பேர் “நிமிர்ந்து உட்காருடா கண்ணா” என்று சொல்லிக்கொண்டிருந்தால் ஆட்டிசம் உள்ள பிள்ளை யார் சொல்வதைக் கேட்கும்? பேசுவது பயிற்றுநர் மட்டும். கயிறு பிடிப்பவருக்கோ குழந்தையைப் பார்க்கவே அனுமதியில்லை. அவர் பார்க்க வேண்டியது குதிரையின் காதுகளை. காது பின்னால் மடிந்தால், வால் விசுக்விசுக்கென்று அடித்தால், குதிரைக்கு ஏதோ பிடிக்கவில்லை என்று பொருள்.

இதையெல்லாம் கற்க ஓரிரு மாதம் ஆகும். குழந்தையும் முகம் பழகியவரிடம்தான் உடம்பைத் தளர்த்தும். எனவே பிறந்தநாளுக்கு ஒருமுறை வந்து, கேரட் கொடுத்து, செல்ஃபி எடுத்துப் போகும் தன்னார்வலரால் லாயத்துக்கு வேலை கூடுகிறதே தவிர உதவி இல்லை. கடுமையாகச் சொல்கிறேன் என்று தோன்றலாம். நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியில் ஒரே நாளில் நாற்பது ஊழியர்களைப் பேருந்தில் கொண்டுவந்து இறக்குகிற வழக்கத்தைப் பார்த்தவர்கள் இதைக் கடுமை என்று சொல்ல மாட்டார்கள்.

பணம் கொடுப்பதிலும் இதே கோணல்தான். ‘ஒரு குழந்தையின் சவாரிக்கு இவ்வளவு’ என்று கேட்டால் கொடுக்க ஆள் இருக்கிறது. ஆனால் குதிரை சவாரி நாளில் மட்டும் சாப்பிடுவதில்லை. தினமும் தன் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடு உலர்தீவனம் அதற்கு வேண்டும். 400 கிலோ குதிரைக்கு 8 கிலோ. ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவ வேண்டும். வயிற்றுவலி வந்தால் நள்ளிரவிலும் கால்நடை மருத்துவர் வேண்டும். மழைக்காலத்தில் மைதானம் சேறாகி வகுப்பு நின்றாலும் லாயத்தில் சம்பளமும் தீவனமும் நிற்காது. யானையைக் கட்டித் தீனி போடுவது என்பார்கள். குதிரையும் அந்த வகையில் ஒரு சிறிய யானைதான். இருபது வயதைத் தாண்டி ஓய்வுபெற்ற பிறகும் அது பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும். அந்த ஆண்டுகளின் செலவை எழுதாத திட்ட அறிக்கை, குதிரையை யாரிடமோ தள்ளிவிடப் போகிறது என்பதற்கான ஒப்புதல் வாக்குமூலம்.

அடுத்தது, குதிரையையே தானமாகத் தருகிறவர்கள். 2024 செப்டம்பரில் தமிழக அரசு கிண்டி ரேஸ் கிளப்பின் குத்தகையை ரத்துசெய்து நிலத்தை எடுத்துக்கொண்டது. அடுத்த மாதமே, அக்டோபர் 5 அன்று, சிங்கப்பூரின் கிராஞ்சி மைதானத்தில் கடைசிப் பந்தயம் ஓடியது. பந்தயக் குதிரைகள் இனி என்ன ஆகும், சிறப்புக் குழந்தைகளுக்குக் கொடுக்கலாமே என்று தோன்றுவது இயல்பு. நல்ல எண்ணம்தான், நடைமுறைக்குப் பெரும்பாலும் ஒத்துவராது. பந்தயத்தில் ஓடும் தரோபிரெட் இனம் வேகத்துக்காக வளர்க்கப்பட்டது. காற்றில் ஒரு பிளாஸ்டிக் பை பறந்தாலே மிரளும். தோள் உயரம் 160 செ.மீ.க்கு மேல் என்றால், பக்கத்தில் நடப்பவர் அரை மணி நேரம் கையைத் தூக்கியே வைத்திருக்க வேண்டும். இந்த வேலைக்கு ஏற்றது அகன்ற முதுகும் ஒரே சீரான நடையும் நிதான குணமும் கொண்ட நடுத்தர உயரக் குதிரை; சிறு பிள்ளைகளுக்கு மட்டக்குதிரை. சில பந்தயக் குதிரைகள் பழகி அருமையாக உழைப்பதும் உண்டு. அது தெரிய ஒன்றிரண்டு மாதச் சோதனைக் காலம் வேண்டும். வேண்டாம் என்று திருப்பித் தரும் உரிமையும் மையத்துக்கு வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு வருவோம். 2011 கணக்கெடுப்புப்படி இங்கே மாற்றுத்திறனாளிகள் 11.79 லட்சம் பேர். 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆனால் ஒரு குழந்தையைக் குதிரையில் ஏற்றிச் ‘சிகிச்சை’ என்று சொல்ல என்ன தகுதி வேண்டும் என்பதற்கு இங்கே ஒரு விதி கிடையாது. இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் பதிவுசெய்யும் தொழில்முறையாளர் பட்டியலில் குதிரைப் பயிற்றுநர் இல்லை. விதி இல்லாததன் ஆபத்து சிறியதல்ல. டவுன் சிண்ட்ரோம் உள்ள சிலருக்குக் கழுத்தின் மேல் எலும்புகள் இரண்டும் தளர்வாக இருக்கும். பரிசோதிக்காமல் ஏற்றினால் தண்டுவடமே பாதிக்கப்படலாம். கட்டுப்படாத வலிப்பு, இடுப்பு மூட்டு விலகல் உள்ளவர்களையும் மருத்துவர் பார்க்காமல் ஏற்றக் கூடாது. குதிரையிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் கிளாண்டர்ஸ் நோய் இந்தியாவில் இருக்கிறது; குதிரைக்கு ரத்தப் பரிசோதனை செய்யாத லாயத்துக்குள் குழந்தையை அழைத்துப் போகவே கூடாது.

சென்னையில் இதற்கு வேண்டிய எல்லாம் தனித்தனியாக இருக்கின்றன என்பதுதான் வேடிக்கை. புதுப்பேட்டையில் குதிரைப்படைப் போலீஸ். வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி. கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம். முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம். போலீஸ் குதிரைகள் உயரமானவை. நிமிர்ந்து உட்கார முடியாத குழந்தைகளுக்கு அவை ஏற்றவை அல்ல. ஆனால் கூட்டத்துக்கும் கூச்சலுக்கும் பழகியவை. பராமரிக்க ஆட்களும் உண்டு. தானாக உட்காரக்கூடிய, ஆட்டிசம் போன்ற நிலையில் உள்ள பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு காலை, நான்கைந்து நிதானமான குதிரைகளைத் தேர்ந்தெடுத்துத் தொடங்கிப் பார்க்கலாம். குதிரையின் உடல்நலத்துக்கு வேப்பேரி, குழந்தையை ஏற்றலாமா என்பதற்குக் கே.கே. நகர் என்று பொறுப்பைப் பிரித்துவிட்டால் புதுக் கட்டடமே தேவையில்லை. நகருக்குள் நடப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. தனியார் லாயங்கள் பெரும்பாலும் ஊருக்கு வெளியே இருப்பதால், பேருந்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிற தாய்க்கு அவை எட்டுவதில்லை. கார் வைத்திருப்பவரின் பிள்ளைக்கு மட்டும் கிடைப்பதை மறுவாழ்வு என்று சொல்வது கூசுகிறது.

அரசு நகரும்வரை, ஏற்கெனவே நடக்கிற மையங்களுக்கு உதவ விரும்புகிற வாசகர்களுக்கு: போய்ப் பாருங்கள். மருத்துவர் சான்று கேட்காமல் ஏற்றினால் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். குதிரைகளுக்கு வாரத்தில் எத்தனை நாள் ஓய்வு, வயதான குதிரை இப்போது எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். பதில் திருப்தியாக இருந்தால், மழையில் வகுப்பு நிற்கும் நவம்பர், டிசம்பர் மாதத் தீவனத்துக்கு என்று சொல்லிப் பணம் கொடுங்கள். நேரம் கொடுக்க நினைப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமையைக் கேட்காதீர்கள். ஆட்கள் இல்லாமல் வகுப்புகள் நிற்பது செவ்வாய், புதன் காலைகளில்தான். அந்தக் காலைகளில் ஒன்றை ஆறு மாதம் தொடர்ந்து கொடுக்க முடியும் என்றால் பெயர் கொடுங்கள்.