‘அல்லது’ என்ற சின்னச் சொல்



இம்முறை அளவையியல் பற்றிக் கொஞ்சம் எழுதுகிறோம். இலங்கையில் உயர்தர வகுப்பில் ‘அளவையியலும் விஞ்ஞானமுறையும்’ என்று ஒரு பாடம் இருக்கிறது. அந்த வகுப்புவரை படிக்கக் கிடைக்காமல் நாட்டை விட்டு வந்தவர்கள் நாங்கள். ஆனால் அதன் முதற் பாடம் தொழிற்சாலையில் மெஷினுக்கு முன்னால் நிற்பவருக்கும், வீட்டில் ஒரு படிவத்தோடு குந்தியிருப்பவருக்கும் கட்டாயம் வேண்டியது.

மெய் என்றோ பொய் என்றோ சொல்லக்கூடிய கூற்றை ‘எடுப்பு’ என்பார்கள். ‘மழை பெய்கிறது’ ஓர் எடுப்பு. ‘கதவைச் சாத்து’ என்பது கட்டளை. அதில் மெய்யும் இல்லை, பொய்யும் இல்லை. ஒரே செய்தியைச் சொன்னால் அது எளிய எடுப்பு. ‘உம்’, ‘அல்லது’, ‘ஆல்’ போன்றவற்றால் இரண்டு மூன்றைச் சேர்த்தால் கூட்டு எடுப்பு. கூட்டு எடுப்பு மெய்யா பொய்யா என்று அறிய, அதன் பகுதிகளோடு அவற்றைச் சேர்க்கும் சொல்லையும் பார்க்க வேண்டும்.

தகடு அழுத்தும் பிரஸ் மெஷின்களில் இரண்டு பொத்தான்கள் இருப்பதைக் கண்டிருப்பீர்கள். இடது கையும் வலது கையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மெஷின் இறங்கும். இதுதான் ‘உம்’. எல்லாப் பகுதியும் மெய்யானால்தான் முழுதும் மெய். வேலை கெதியாக முடியட்டும் என்று ஒரு பொத்தானை ரேப் ஒட்டி அமர்த்தி வைப்பவர், தன் விரல்களைக் காக்கும் ‘உம்’மைக் கழற்றி விடுகிறார். அவசரத்துக்கு நிறுத்தும் சிவப்புப் பொத்தான்களோ வேறு மாதிரி. முன்பக்கத்தில் உள்ளதையோ பின்பக்கத்தில் உள்ளதையோ, எதை அழுத்தினாலும் மெஷின் நிற்கும். இது ‘அல்லது’. ஒன்று மெய்யானாலே போதும். இரண்டும் மெய்யானாலும் சரி.

வீட்டில் ‘தேத்தண்ணியா அல்லது கோப்பியா’ என்றால் இரண்டில் ஒன்றுதான். படிவங்களில் வரும் ‘அல்லது’ பெரும்பாலும் அப்படியல்ல, சிவப்புப் பொத்தான் மாதிரி.

‘நீங்கள் எப்போதாவது கைது செய்யப்பட்டோ, தடுத்து வைக்கப்பட்டோ, குற்றம் சாட்டப்பட்டோ இருக்கிறீர்களா?’ இந்த மாதிரிக் கேள்வி குடிவரவுப் படிவங்களில் வருவதுண்டு. ‘கைது’ என்ற சொல்லைக் கண்டதும் ‘இல்லை’ என்று புள்ளடி போட்டுவிடுவோர் எங்களுக்குள் இருக்கிறார்கள். அது ஒரு கேள்வி அல்ல, மூன்று. ‘இல்லை’ என்றால் மூன்றும் இல்லை என்று கையெழுத்து வைத்ததாகும். சுற்றிவளைப்பில் பிடித்து, இரண்டு நாள் முகாமில் வைத்து, வழக்கில்லாமல் விட்ட ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். குற்றம் சாட்டவில்லை, ஆனால் தடுத்து வைத்தது உண்மை. எனவே அவருடைய விடை ‘ஆம்’. ‘இல்லை’ என்று போட்டுவிட்டு விசாரணையில் முகாமைப் பற்றிச் சொன்னால், படிவமும் வாக்குமூலமும் முரண்படும். உண்மை பேசுகிற மனிதன் பொய்யனாகத் தெரிவான்.

‘அல்லது’ உள்ள எடுப்பை மறுத்தால் அதன் ஒவ்வொரு பகுதியையும் மறுத்ததாகும். ‘உம்’ உள்ளதை மறுத்தால், ஏதோ ஒன்றாவது இல்லை என்பது மட்டுமே. ‘கணவனும் மனைவியும் வேலை செய்கிறார்கள்’ என்பது பொய்யானால், இருவருக்கும் வேலை இல்லை என்று ஆகிவிடாது. இவற்றை டி மோர்கன் விதிகள் என்பார்கள். அகஸ்டஸ் டி மோர்கன் 1806இல் எங்கள் மதுரையில் பிறந்து, கைக்குழந்தையாக இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்ட ஆங்கிலேயர். 1828இல் லண்டனில் கணிதப் பேராசிரியரானார். 1847இல் அளவையியல் நூல் ஒன்றை வெளியிட்டார்.

இனி ‘ஆல்’. ‘குறித்த திகதிக்குள் மேன்முறையீடு செய்யாவிட்டால் முடிவு மாறாது’ என்று கடிதம் வருகிறது. செய்தால் மாறும் என்று அதில் இல்லை. செய்தால் என்ன நடக்கும் என்பது பற்றி அந்த வசனம் வாயே திறக்கவில்லை. ‘மேன்முறையீடு போட்டால் விசா நிச்சயம்’ என்று காசு கேட்பவர், கடிதத்தில் இல்லாததை விற்கிறார். ஆனாலும் திகதியைத் தவற விடாதீர்கள். அந்தப் பக்கத்தைக் கடிதம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

ஆகவே புள்ளடி போடமுன், ஒரு தாளில் கேள்வியை எளிய எடுப்புகளாகப் பிரித்துத் தமிழில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஆம், இல்லை எழுதுங்கள். அந்தத் தாளோடு சட்டத்தரணியிடமோ மொழிபெயர்ப்பாளரிடமோ போங்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைதான் கடிதம் வாசித்துச் சொல்கிற வீடுகளில், சாராம்சத்தை மட்டும் கேட்டு விடாதீர்கள். ‘அல்லது எங்கே இருக்கிறது, உம் எங்கே இருக்கிறது’ என்றும் கேளுங்கள்.