காரைத் துடைக்கிறீங்களா, தேய்க்கிறீங்களா?

பி.காம் முதல் வருஷத்திலேயே தேய்மானம் என்றால் என்ன என்று சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். ஒரு சொத்தின் மதிப்பு வருஷா வருஷம் குறைவதைக் கணக்கில் காட்டுவது. இதற்குத் தமிழில் இந்த வார்த்தையை வைத்த புண்ணியவானுக்கு ஒரு கும்பிடு. ஏனென்றால் நம்ம ஊரில் காருக்கு நடப்பது கணக்குப் புத்தகத் தேய்மானம் இல்லை மக்களே, நிஜத் தேய்மானம். தினமும் காலை ஆறு மணிக்கு, காய்ந்த துணியோடு, தேய் தேய் என்று...

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். காரை மாசக்கணக்கில் தூசியோடு விட்டு வைக்கிற சோம்பேறியை விட, தினமும் வறட்டுத் துணியால் துடைக்கிற சுறுசுறுப்பான ஆள்தான் பெயின்ட்டை அதிகம் கெடுக்கிறார்.

"காமர்ஸ் படிக்கிற பொண்ணுக்கு காரைப் பத்தி என்ன தெரியும்?" என்று கேட்பவர்களுக்கு: சொல்வது யார் என்று பார்த்துக் கீறலாமா வேண்டாமா என்று மணல் முடிவு செய்வதில்லை :-)

விஷயத்துக்கு வருவோம். இன்றைய கார்களில் நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்று நிறமில்லாத ஒரு படலம் இருக்கிறது. பளபளப்பு, வெயிலிலிருந்து பாதுகாப்பு எல்லாம் அதன் வேலை. அதன் தடிமன் பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான். உங்கள் தலைமுடி ஒன்றின் தடிமனே சுமார் 70 மைக்ரான். அந்தப் படலத்தின் மேல் ராத்திரி முழுக்கப் படிந்த தூசியில் குவார்ட்ஸ் மணல் துகள் உண்டு. கடினத்தை அளக்கும் மோ அளவுகோலில் குவார்ட்ஸ் 7. ஜன்னல் கண்ணாடியே 5.5தான். கண்ணாடியைக் கீறக்கூடிய ஒன்றைத் துணிக்கு அடியில் வைத்து பானட் முழுக்க இழுக்கிறோம். இதற்கு நாம் வைத்த பெயர் "சுத்தம் பண்றது".

நம்பவில்லையா? நாலு வருஷம் இப்படித் துடைத்த கறுப்பு கார் ஒன்றை ராத்திரி பெட்ரோல் பங்க் விளக்குக்கு அடியில் பாருங்கள். விளக்கின் பிம்பத்தைச் சுற்றி சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாய்க் கோடுகள். வெள்ளைக் காரிலும் அதே கோடுகள் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

இனி வழக்கமாக வரும் பதில்கள்.

"நான் மைக்ரோஃபைபர் துணிதாம்மா வச்சிருக்கேன்." சந்தோஷம் அங்கிள். கீறுவது துணி இல்லை, துணிக்கும் காருக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மண். பட்டுத் துணியில் துடைத்தாலும் அதே கதைதான். அதிலும் கீழே விழுந்த துணியை உதறிவிட்டுத் தொடர்வார்கள் பாருங்கள்... அப்போது அது துணி இல்லை, உப்புத்தாள்.

"பாத்திரம் கழுவுற லிக்விட் போட்டா எண்ணெய்ப் பிசுக்கே போகுது, இது போகாதா?" தாராளமாகப் போகும். பெயின்ட் மேல் காசு கொடுத்துப் பூசிய மெழுகும் சேர்ந்தே போகும். ஒரு தடவையில் குடி முழுகாதுதான். வாரா வாரம் என்றால் மேலே பாதுகாப்பு என்று எதுவும் மிஞ்சாது. துணி துவைக்கும் பவுடர் இன்னும் மோசம்.

"வெயில்ல கழுவினா சீக்கிரம் காயும்." அதுதான் பிரச்சினையே. குடிநீரின் கடினத்தன்மைக்கு பி.ஐ.எஸ் வைத்திருக்கும் அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம்; வேறு தண்ணீருக்கு வழியில்லை என்றால் 600 வரை. நம்ம போர் தண்ணீர் பல இடங்களில் இந்த ரகம் கூட இல்லை. சூடான பானட்டில் அது காய்ந்தால் தண்ணீர் போய்விடும், கால்சியம் வெள்ளைப் பொட்டாய் உட்கார்ந்துவிடும். பிறகு அதைப் போக்க இன்னும் அழுத்தித் தேய்ப்பார்கள்!

"பாலிஷ் போட்டா சரியாயிடும்." கீறலை மறைக்கும் காம்பவுண்ட் பாலிஷ் எதையும் நிரப்புவதில்லை. கீறலைச் சுற்றியுள்ள படலத்தையும் சேர்த்துச் சீவிச் சமமாக்குகிறது. பாதுகாப்பது மெழுகு, சீவுவது பாலிஷ். அந்த 50 மைக்ரானில் எத்தனை தடவைதான் சீவுவீர்கள்? கையிருப்பு தீர்ந்தால் பெயின்ட் கடைதான்.

அப்போ எப்படித்தான் கழுவுவது? ரொம்ப சிம்பிள். நிழலில் நிறுத்துங்கள். தொடுவதற்கு முன் தண்ணீர் ஊற்றி மண்ணை இறக்குங்கள். இரண்டு வாளி: ஒன்றில் கார் ஷாம்பு, இன்னொன்றில் வெறும் தண்ணீர். துணியை ஒவ்வொரு தடவையும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்பில் முக்க வேண்டும். கூரையில் ஆரம்பித்துக் கீழே வாருங்கள். சக்கரத்துக்குத் தனித் துணி, அது பாடியைத் தொடவே கூடாது. ஈரத்தை இழுத்துத் துடைக்காமல் ஒற்றி எடுங்கள். முடிந்ததும் தெருவில் ஒரு ரவுண்டு போய் பிரேக்கைக் காய வைத்துவிட்டு நிறுத்துங்கள். வாரத்துக்கு ஒரு தடவை போதும். பறவை எச்சத்தை மட்டும் வாரக் கடைசி வரை வைக்காதீர்கள், வெயிலில் அரித்துவிடும். ஈரத் துணியை அதன் மேல் ஐந்து நிமிஷம் போட்டு ஊற வைத்து எடுங்கள், சுரண்டாதீர்கள்.

இதற்கு இரண்டு, மூன்று வாளித் தண்ணீர் போதும். ஓஸ் பைப் நிமிஷத்துக்கு 10 லிட்டர் என்று வைத்தாலும் கால் மணி நேரத்தில் 150 லிட்டர். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, குடத்தோடு லாரிக்குப் பின்னால் ஓடிய ஊர் இது. 2024 மார்ச்சில் பெங்களூரு குடிநீர் வாரியம் குடிநீரில் கார் கழுவினால் 5000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. ஆக, ஓஸ் பைப்பைத் திறந்துவிட்டுப் பேப்பர் படிப்பது உங்கள் சொந்த விஷயம் கிடையாது.

ஆனால் எனக்கு உண்மையில் கோபம் வருவது வேறு இடத்தில். அபார்ட்மென்ட்களில் பாதிப் பேர் காரைத் தொடுவதே இல்லை, வாட்ச்மேன்தான் துடைக்கிறார். மாசம் சில நூறு ரூபாய். அவருக்கு நாம் கொடுப்பது அரை வாளித் தண்ணீரும் ஒரு பழைய பனியனும். அதே தண்ணீரில் பத்து கார். ஏழு மணிக்குள் முடிக்கவும் வேண்டும். முதல் காரின் மண் பத்தாவது காரைக் கீறாமல் என்ன செய்யும்? கீறல் தெரிந்ததும் ஐயா பால்கனியிலிருந்து கத்துவார்: "ஏம்ப்பா, கண்ணு தெரியலையா உனக்கு?" வயசில் மூத்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டு நிற்பார். செலவைக் குறைத்தது நாம், திட்டு வாங்குவது அவர். அந்தக் கணக்கை எந்த ஆடிட்டரும் பாஸ் பண்ணக் கூடாது.

கணக்கு என்றதும் இன்னொன்று. நாலு வருஷம் தாண்டிய காருக்கு இன்சூரன்ஸ் மதிப்பில் 50 சதவீதம் கழிக்கிறார்கள். காலையில் எழுந்து துடைத்தீர்களா என்று யாரும் கேட்பதில்லை. தினமும் துடைத்து ஒரு ரூபாயும் காப்பாற்றப் போவதில்லை. விற்கும்போது வாங்குகிறவர் பார்ப்பது அந்தச் சிலந்தி வலையைத்தான்.

எனவே, இரண்டாவது வாளி ஒன்று வாங்குங்கள். துணி நாலைந்து வாங்குங்கள். வாட்ச்மேன்தான் கழுவுகிறார் என்றால் அவரிடம் இவற்றைக் கொடுத்து, தினமும் வேண்டாம், வாரம் ஒரு நாள் நிதானமாகச் செய்யச் சொல்லுங்கள். சம்பளத்தை மட்டும் குறைக்காதீர்கள்.

டிஸ்கி: காரே இல்லாத நண்பர்கள் சிரிக்க வேண்டாம். பைக் டேங்கைத் தினமும் சட்டையால் துடைக்கிற ஆட்கள் நம்ம கிளாசிலேயே இருக்கிறார்கள். அதுக்கும் இதே சட்டம்தான் :-)