தனியாப் போறது தப்பில்லை, சொல்லாமப் போறதுதான் தப்பு

எங்க பெருங்குடிக்காரர்களுக்கு ரொம்ப நாளாகத் தெரிந்த ஒரே மலை, குப்பை மலைதான். அதனாலோ என்னவோ, நிஜ மலை என்றால் எனக்கு ஒரு கிறுக்கு. அந்தக் கிறுக்கில்தான் போன வருஷம் கொல்லிமலைக்குத் தனியாகக் கிளம்பினேன். வீட்டில் சொன்னது என்னவோ, "சேலத்துல ஃப்ரெண்டோட அக்காவுக்குக் கல்யாணம்மா."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து 70 கொண்டை ஊசி வளைவுகளையும் எண்ணிக்கொண்டே போனது வரைக்கும் எல்லாம் சுகம்தான். அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்திலிருந்து ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். இறங்கினேன், குளித்தேன். திரும்பி ஏறும்போதுதான் புத்தி கெட்டது. ஒரு நல்ல போட்டோவுக்காகப் படியை விட்டு விலகிப் பாறைப் பக்கம் போனேன். பாசி. ஒரே வழுக்கல். ஆள் உயரத்துக்குக் கீழே விழுந்து கணுக்கால் சுளுக்கிவிட்டது. காலை ஊன்ற முடியவில்லை. மொபைலில் ஒரு கோடு சிக்னல்கூட இல்லை. சுற்றிலும் மலை என்பதால் நாலு மணிக்கே வெயில் போய்விட்டது. கத்தினால் அருவிச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

அப்போது என்னைப் பயமுறுத்தியது வலி இல்லை. நான் ராத்திரிக்குள் போன் பண்ணவில்லை என்றால் அம்மா பதறுவார். அப்பா தேட ஆரம்பிப்பார். எங்கே? சேலத்தில்! ஒவ்வொரு கல்யாண மண்டபமாக! அந்த நினைப்பு வந்ததும்தான் வயிற்றைப் பிசைந்தது.

முக்கால் மணி நேரம் கழித்து, மேலே படியில் போன ஒரு பெரியவர் என் சிவப்புப் பையைப் பார்த்து இறங்கி வந்தார். கைத்தாங்கலாகத் தூக்கி உட்கார வைத்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "ஏந்தம்பி, ஒத்தையிலயா வந்தே? யாருகிட்டயாவது சொல்லிட்டு வந்தியா?"

"இல்லீங்கய்யா" என்றேன். அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. பேசாமல் தலையை ஆட்டினார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாதிரி நடந்தால் எல்லோரும் சொல்லும் அறிவுரை, "தனியாப் போகாதே." எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. கூட்டமாகப் போனால் மட்டும் ஆபத்து வராதா என்ன? 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கியவர்கள் குழுவாகப் போனவர்கள்தான். 20 பேருக்கு மேல் இறந்தார்கள். நம் சென்னையிலிருந்து போனவர்களும் அதில் உண்டு.

நம்மைக் காப்பாற்றுவது, நாம் எங்கே இருக்கிறோம் என்று யாருக்காவது தெரிந்திருப்பதுதான். 2022 பிப்ரவரியில் பாலக்காடு மலம்புழா பக்கம் 23 வயது இளைஞர் ஒருவர் செங்குத்தான மலையில் வழுக்கிப் பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டார். சோறு தண்ணீர் இல்லாமல் 40 மணி நேரத்துக்கும் மேல். ஹெலிகாப்டர்கூட நெருங்க முடியாத இடம். ஆனால் கூடப் போன நண்பர்கள் கீழே இறங்கிச் சொன்னார்கள், அவரும் மொபைலில் தகவல் கொடுத்தார். ராணுவ வீரர்கள் கயிறு கட்டி இறங்கி உயிரோடு மீட்டார்கள்.

இதற்கு நேர் எதிர் கதை, 2003 ஏப்ரலில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஆரன் ரால்ஸ்டனுக்கு நடந்தது. தனியாக ஒரு குறுகிய பள்ளத்தாக்கில் இறங்கியவரின் வலது கையை ஒரு பாறை நசுக்கிப் பிடித்துக்கொண்டது. எங்கே போகிறார் என்று யாருக்கும் தெரியாது. ஐந்து நாள் காத்திருந்துவிட்டு, கடைசியில் சின்னக் கத்தியால் தன் கையைத் தானே வெட்டிக்கொண்டு வெளியே வந்தார். 2010-ல் '127 ஹவர்ஸ்' என்று படமாகவும் வந்தது. இசை நம்ம ஏ.ஆர்.ரஹ்மான்.

அவர் சொல்லாமல் போனார். நானோ பொய் சொல்லிவிட்டுப் போனேன். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் மோசம். சொல்லாவிட்டால் எங்கே தேடுவது என்று தெரியாது. பொய் சொன்னால் தேடுபவர்களைத் தப்பான ஊருக்கே அனுப்பிவிடுகிறோம்.

ஏன் பொய் சொல்கிறோம்? உண்மையைச் சொன்னால் விட மாட்டார்கள். என் வகுப்புத் தோழிகளுக்கு நிலைமை இன்னும் மோசம், ஒரு தடவை உண்மையைச் சொன்னால் அப்புறம் மெரினாவுக்குக்கூட விட மாட்டார்கள். அதனால் பெற்றோர்களே, ஒரு வேண்டுகோள். "போகாதே" என்பதற்குப் பதிலாக "எந்த வழியா போறே, எத்தனை மணிக்கு போன் பண்ணுவே" என்று கேளுங்கள். தடை போட்டால் பயணம் நிற்காது, தகவல்தான் நின்றுபோகும்.

நண்பர்களே, உங்களுக்கும் சொல்கிறேன். வீட்டில் சொல்லவே முடியாது என்றால் ஒரு நண்பனிடமாவது போகும் இடம், வழி, திரும்பும் நேரம் மூன்றையும் சொல்லுங்கள். அந்த நேரம் தாண்டினால் 112-க்கு அழைக்க வேண்டும், வீட்டுக்கும் சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். பையில் ஒரு விசில் போடுங்கள். ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊதினால் அது மலையேறுபவர்களுக்குத் தெரிந்த உதவிக் குரல். தொண்டையைவிட விசில் நெடுநேரம் தாங்கும். சிக்னல் இல்லாத இடத்தில் மொபைலை ஏரோபிளேன் மோடில் வையுங்கள், சிக்னல் தேடியே பேட்டரி தீர்ந்துவிடும். முக்கியமாக, போட்டோவுக்காகப் படியை விட்டு இறங்காதீர்கள்.

நொண்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "அடுத்த தடவை உண்மையைச் சொல்லிட்டுப் போ" என்றார். "போகாதே" என்று சொல்லவில்லை.

அடுத்த மாதம் ஏற்காடு போகிறேன். அம்மாவுக்குத் தெரியும்.