வண்டியை உயர்த்தும் முன் டேப் எடுத்து அளக்க வேண்டும்

கோவிலம்பாக்கத்தில் இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். வீட்டோடு நான்கு கறவை மாடுகள். ஒட்டியம்பாக்கம் பக்கம் குத்தகை நிலத்தில் கீரையும் கம்பு நேப்பியர் புல்லும் போட்டிருக்கிறார். ஏழு வருடம் ஓடிய பிக்கப் வண்டிதான் குடும்பத்துக்கு ஆதாரம். விடியற்காலையில் கோயம்பேட்டுக்குக் கீரைக்கட்டு, பகலில் புல்லும் பிண்ணாக்கு மூட்டையும், இடையில் ஆள் கேட்டால் வாடகைக்குச் செங்கலும் எம்-சாண்டும். மேடவாக்கம் பிரதான சாலையில் மெட்ரோ ரயில் வேலையால் மேடும் பள்ளமும். மழை வந்தால் இருநூறு அடி ரேடியல் சாலை பக்கம் தண்ணீர். லோடு ஏறினால் வண்டியின் அடிப்பாகம் வேகத்தடையில் இடிக்கிறது. ஒரு பட்டறையில், ஸ்பிரிங் பட்டை கூடுதலாக வைத்து, கட்டை கொடுத்து, பெரிய டயர் போட்டு நாலு அங்குலம் தூக்கித் தர 60,000 ரூபாய் கேட்டிருக்கிறார்கள். கையில் இருப்பது ஐந்தாவது மாடு வாங்க மனைவி மகளிர் குழுவில் கடன் எடுத்து வைத்திருக்கும் பணம். "வண்டி நின்றால் வருமானம் நிற்கும்" என்கிறார் கணவர். "மாட்டுப் பணத்தைத் தொடக் கூடாது" என்கிறார் மனைவி. யார் சொல்வது சரி என்பது கேள்வி.

இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. வண்டி இடிக்காமல் ஓட வேண்டும். ஆனால் அதற்கு நாலு அங்குலம் தேவையில்லை, மாட்டுப் பணமும் தேவைப்படாது. காரணங்களை வரிசையாகப் பார்க்கலாம்.

இடிப்பது எது?

முதலில் வண்டிக்கு அடியில் குனிந்து, எந்த இடத்தில் தேய்ந்த தழும்பு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலான பிக்கப் வண்டிகளில் பின் ஆக்சில் ஒரே தண்டாக இருக்கும். அதன் நடுவே உருண்டையாகத் தொங்கும் டிஃபரன்ஷியல்தான் தரைக்கு மிக அருகில் இருப்பது. தழும்பு அங்கே என்றால், பட்டையைக் கூட்டி வண்டியைத் தூக்குவதால் ஒரு அங்குலம்கூடப் பயன் கிடைக்காது. ஏனென்றால் பட்டை தூக்குவது சேசிஸையும் தொட்டியையும்தான். ஆக்சில் சக்கரத்தோடு சேர்ந்தது. அது இருந்த உயரத்திலேயே இருக்கும். அதை உயர்த்துவது டயரின் அளவு மட்டுமே. டயரின் விட்டம் 2 செ.மீ. கூடினால் ஆக்சில் 1 செ.மீ. உயரும்.

தழும்பு சைலன்சரிலோ, அடியில் தொங்கும் ஸ்டெப்னியிலோ, பின் பம்பரிலோ இருந்தால் அதற்கு வேறு வழி உண்டு. ஸ்டெப்னியைத் தூக்கிப் பிடிக்கும் சங்கிலி தளர்ந்து அது தாழ்வாகத் தொங்குவது பல வண்டிகளில் உண்டு. சைலன்சர் தாங்கும் ரப்பர் அறுந்தும் தொங்கும். இரண்டுமே சில நூறு ரூபாய் வேலை.

ஏன் தாழ்ந்தது?

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்தின் நடு மையத்தில் இருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரை டேப்பால் அளக்க வேண்டும். நான்கு சக்கரத்துக்கும் காலி வண்டியில் ஒரு முறை, வழக்கமான லோடுடன் ஒரு முறை. காலியாக இருக்கும்போதே ஒரு பக்கம் மற்றதைவிட 2 செ.மீ.க்கு மேல் தாழ்ந்திருந்தால் அந்தப் பக்கத்துப் பட்டை தளர்ந்துவிட்டது அல்லது ஒரு பட்டை முறிந்திருக்கிறது. அதே மாடல் புதிய வண்டி ஒன்று தெருவில் நின்றால் அதையும் அளந்து ஒப்பிடலாம்.

பட்டை தளர முக்கியக் காரணம் அளவுக்கு மீறிய பாரம். ஆர்.சி. புத்தகத்தில் வண்டியின் காலி எடையும் மொத்த எடையும் இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஓட்டுநரையும் சேர்த்து ஏற்றக்கூடிய பாரம். ஒரு கன அடி எம்-சாண்ட் ஏறக்குறைய 50 கிலோ. 30 கன அடி கொட்டினால் 1,500 கிலோ, நனைந்திருந்தால் அதற்கும் மேல். கண்ணுக்குத் தொட்டி பாதிகூட நிறையாதது போலத்தான் தெரியும். கீரையும் புல்லும் இப்படி வண்டியை அமுக்காது. நான்கு மாட்டுக்கு ஒரு நாளைக்குப் பசும்புல் 100 முதல் 120 கிலோதான். ஆக, இந்த வண்டியைத் தாழ்த்தியது விவசாய வேலை அல்ல, வாடகை நடைதான் என்று சந்தேகிக்க இடமிருக்கிறது. வழக்கமான வாடகை லோடு ஒன்றை எடை மேடையில் ஏற்றிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். கூடுதல் பட்டை வைத்தால் வண்டி நிமிர்ந்து நிற்கும். ஆனால் ஆக்சில், பிரேக், டயர், பேரிங் எல்லாம் பழையவைதான். நிமிர்ந்து நிற்கும் வண்டி இன்னும் ஏற்றலாம் என்ற தைரியத்தைத் தரும். பாரம் தாங்கும் சக்தி கூடியிருக்காது.

நாலு அங்குலம் தூக்கினால்

முதலில் பிரேக். பல பிக்கப் வண்டிகளில் பின் ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் இடையே ஒரு கம்பியோடு வால்வு ஒன்று இருக்கும். பாரம் ஏறி வண்டி தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும், காலி வண்டியில் குறைக்கும். வண்டியை மட்டும் தூக்கிவிட்டு இந்த வால்வைச் சரிசெய்யாமல் விட்டால், முழு லோடு இருக்கும்போதும் வண்டி காலி என்று அது எடுத்துக்கொள்ளும். பின் பிரேக் போதிய அளவு பிடிக்காது. பிரேக் ஓஸ் நீளம் போதாமல் இழுபடுவதும் உண்டு.

அடுத்தது புரொப்பல்லர் ஷாஃப்ட். தூக்கிய வண்டியில் அதன் சாய்வு கூடும். அதிர்வு வரும், ஜாயின்ட் கிராஸ் சீக்கிரம் தேயும். முன் சக்கரத்தின் கோணம் மாறி ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரம் தேயும். பாரத்தின் மையம் உயர்வதால் வளைவில் வண்டி சாயும். மாடு ஏற்றிப் போகும்போது இது ஆபத்து. நிற்கும் மாடு வளைவில் ஒரு பக்கம் சாய்ந்தால் அதன் எடை முழுவதும் அந்தப் பக்கம் போகும். ஹெட்லைட் வெளிச்சமும் உயர்ந்து எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும்.

பட்டை இறுகினால் காலி வண்டியும் குறைந்த லோடும் குதிக்கும். தக்காளி, வாழை, முட்டை போன்றவை அடிபடும். கடைசியாக வீட்டுப் பெண்கள் சொல்லும் காரணம். 40 லிட்டர் பால் கேன் நிறைந்தால் பால் மட்டும் 41 கிலோ. அதைத் தினமும் 10 செ.மீ. கூடுதல் உயரத்துக்குத் தூக்குவது யார் என்று கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்டுப் பதிவுச் சான்றில் ஏறிய விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்கிறது. அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாயும் தனி. எஃப்.சி. எடுக்கும்போது ஆய்வாளர் கண்ணில் பட்டால் திரும்பக் கழற்ற வேண்டிவரும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் இழப்பீட்டில் தகராறு எழும். கட்டை, பெரிய டயர் என்று எதற்கும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்கூட்டிக் கேட்காமல் கைவைக்கக் கூடாது. தேய்ந்த பாகத்துக்குப் பதில் அதே அளவில் கம்பெனி பாகம் போடுவது மாற்றம் ஆகாது.

அப்படியானால் செய்ய வேண்டியது

பின் பட்டை இரண்டு பக்கமும் ஜோடியாகப் புதிது போடுவது முதல் வேலை. பழைய பட்டையை வளைவேற்றிக் கட்டித் தருவது மலிவு. ஆனால் சூடேற்றிப் பதப்படுத்தாமல் வெறுமனே அடித்து வளைத்தால் சீக்கிரமே பழையபடி இறங்கிவிடும். கூடவே புஷ், ஷேக்கிள் பின், ஷாக் அப்சார்பர் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். யூ போல்ட்டைப் பழையதே போடக் கூடாது. புதிதாகப் போட்டு, லோடோடு சில நாள் ஓடியபின் மறுபடி முடுக்க வேண்டும். வீல் அலைன்மென்ட் பார்த்துவிட்டால் வேலை முடிந்தது. தளர்ந்த வண்டி இழந்த உயரம் இதிலேயே திரும்பிவிடும். அந்த வாசகருக்கு வேண்டியது அந்த உயரம்தான்.

வயல் வழிக்கு வேறு யோசனை. வரப்பு இறக்கத்தில் அடி தட்டினால் வண்டியை உயர்த்துவதைவிட வழியை உயர்த்துவது மலிவு. செங்கல் உடைசலும் கிராவலும் இரண்டு நடை கொட்டிச் சரிவைக் குறைத்தால் போதும். நிலத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும். ஈரக் களிமண்ணில் எவ்வளவு உயரமான வண்டியும் புதையும். லோடு வண்டி ஏறிய ஈர நிலம் இறுகிப்போய் அடுத்த பயிரின் வேரும் இறங்காது. ஆகவே புல்லைத் தலைச்சுமையாக வரப்புக்குக் கொண்டுவந்து ஏற்றுவதே நல்லது.

வாசகர்களின் மற்ற கேள்விகள்

பெரும்பாக்கத்தில் இருந்து ஒருவர்: மழைத் தண்ணீரில் போகவாவது வண்டியை உயர்த்த வேண்டாமா?

வேண்டாம். தண்ணீரில் வண்டியின் எல்லையைத் தீர்மானிப்பது இன்ஜின் காற்று இழுக்கும் வாயின் உயரம். அங்கே தண்ணீர் புகுந்தால் சிலிண்டருக்குள் போகும். தண்ணீர் அமுங்காது என்பதால் கனெக்டிங் ராடு வளையும், இன்ஜினே போய்விடும். 2015-லும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் பள்ளிக்கரணை சுற்றுவட்டாரத்தில் தேங்கிய தண்ணீருக்கு நாலு அங்குலம் ஒரு கணக்கே இல்லை. ஓடும் தண்ணீர் இரண்டடி இருந்தால் பிக்கப் வண்டியையும் இழுத்துப் போகும். அன்று வண்டி மேட்டில் நிற்பதே லாபம்.

வேங்கைவாசலில் இருந்து ஒருவர்: தண்ணீரில் ஓட்டிவிட்டேன், வண்டி நிற்கவில்லை. ஏதாவது பார்க்க வேண்டுமா?

பார்க்க வேண்டும். சூடான ஆக்சில் குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை இழுக்கும். டிஃபரன்ஷியல், கியர்பாக்ஸ் ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் உடனே மாற்ற வேண்டும். தண்ணீரைக் கடந்ததும் மெதுவாக ஓட்டியபடி பிரேக்கை லேசாக மிதித்து உலர்த்த வேண்டும். வண்டி தண்ணீரில் நின்றுபோயிருந்தால் சாவியைத் திருப்பவே கூடாது. கட்டி இழுத்து வந்து ஏர் ஃபில்டரைத் திறந்து பார்த்த பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

கோவிலம்பாக்கம் வாசகருக்கு முடிவாக: அளவெடுப்பதும் எடை மேடையும் இந்த வாரம். பட்டை, புஷ், யூ போல்ட் அடுத்த வாரம். இதற்கு ஆகும் செலவைப் பட்டறைக்காரர் கேட்ட தொகையோடு ஒப்பிட்டால் பெரும்பகுதி மிச்சமாகும். எம்-சாண்ட் நடையை ஆர்.சி. எடைக்குள் நிறுத்தினால் புதிய பட்டை பல வருடம் உழைக்கும். நடைக்கு வருமானம் கொஞ்சம் குறையும், அதை மறைக்க முடியாது. அந்த இடத்தை நிரப்பத்தான் ஐந்தாவது மாடு. மகளிர் குழுப் பணம் அதற்கே போகட்டும்.