அரியர் வச்சவங்கதான் ஃபைனலுக்கு வந்தாங்க!



இந்த வாரம் ஃபுட்பால். உடனே மெஸ்ஸி, ரொனால்டோன்னு கிளம்பிடாதீங்க. இது அமெரிக்கன் ஃபுட்பால். தலையில ஹெல்மெட், தோள்ல மலை மாதிரி பேட், ரெண்டு முனையும் கூரா ஒரு பந்து. காலால உதைக்கிறது எப்பவாவதுதான். மத்தபடி கையில எடுத்துட்டு ஓடுறது, எறியறது, ஓடறவனைக் கட்டிப்புடிச்சு சாய்க்கிறது... இவ்வளவுதான் ஆட்டம். அப்புறம் ஏன் அதுக்கு 'ஃபுட்'பால்னு பேருன்னு என்னைக் கேட்காதீங்க ப்ளீஸ்!

ரூல் சிம்பிள். நாலு சான்ஸ் தருவாங்க. அதுக்குள்ள பத்து கெஜம் முன்னேறணும். முன்னேறினா மறுபடியும் நாலு சான்ஸ், இல்லேன்னா பந்து எதிர் டீமுக்கு. பந்தை எறியற ஆளுக்கு குவார்ட்டர்பேக்னு பேரு. டீமோட மூளையும் அவர்தான், முகமும் அவர்தான். ஜெயிச்சா மாலை, தோத்தா மொத்த அடியும் அவருக்கே. இந்த வாரம் மேட்டரே அந்த அடியைப் பத்தித்தான்.

ஜனவரி வந்தா அங்கே பிளே-ஆஃப் சீசன். புரொஃபஷனல் பக்கம் என்.எஃப்.எல்., காலேஜ் பக்கம் காலேஜ் ஃபுட்பால் பிளே-ஆஃப். காலேஜ் மேட்ச்தானேன்னு இளக்காரமா நினைச்சுடாதீங்க. மிச்சிகன், பென் ஸ்டேட், ஒஹாயோ ஸ்டேட் யுனிவர்சிட்டிகளோட ஸ்டேடியத்துல ஒவ்வொண்ணுலயும் ஒரு லட்சம் பேருக்கு மேல உட்காரலாம். நம்ம வயசுப் பசங்க ஆடறதைப் பார்க்க ஒரு லட்சம் பேர்!

2025 ஜனவரி 9 வியாழன்ல இருந்து 13 திங்கள் வரைக்கும் காலேஜ் செமி ஃபைனல் ரெண்டு, என்.எஃப்.எல். முதல் சுற்று ஆறு. அஞ்சு நாள்ல எட்டு மேட்ச். எல்லாமே நாக்-அவுட். தோத்தா பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். பிளே-ஆஃப்னு யாராவது பேச்செடுத்தா எனக்கு அந்த வீக் எண்ட்தான் ஞாபகம் வருது. காரணம் இருக்கு.

ரூம்மேட் கையால சாவு!

ஜனவரி 10 ராத்திரி, டெக்ஸாஸ்ல ஆர்லிங்டன். ஒஹாயோ ஸ்டேட்டுக்கும் டெக்ஸாஸ் யுனிவர்சிட்டிக்கும் செமி ஃபைனல். டெக்ஸாஸ் குவார்ட்டர்பேக் க்வின் ஈவர்ஸ், சொந்த மாநிலத்துப் பையன். ஸ்கூல் கடைசி வருஷத்தைக்கூட விட்டுட்டு 2021-ல் ஒஹாயோ ஸ்டேட்ல போய்ச் சேர்ந்தவர். அங்கே ஆடப் பெரிசா சான்ஸ் கிடைக்கலை. அந்த வருஷக் கடைசியிலயே மூட்டையைக் கட்டி டெக்ஸாஸ் திரும்பிட்டார். ஒஹாயோவுல அவருக்கு ரூம்மேட்டா இருந்தவர் பேரு ஜாக் சாயர். பேரை ஞாபகம் வச்சுக்கங்க.

கடைசி சில நிமிஷம். ஒஹாயோ 21, டெக்ஸாஸ் 14. டெக்ஸாஸ் விறுவிறுன்னு முன்னேறி கோட்டுக்கு ஒரே ஒரு கெஜத்துல வந்து நிக்குது. கையில நாலு சான்ஸ். ஒரு கெஜம்னா எவ்வளவு? நம்ம கிளாஸ் ரூம் பெஞ்சைவிடக் கம்மி!

முதல் சான்ஸ், நேரா முட்டினாங்க. நகரலை. ரெண்டாவது, பந்தைப் பக்கவாட்டுல தூக்கிப் போட்டு சுத்தி ஓடப் பார்த்தாங்க. ஏழு கெஜம் பின்னாடி போச்சு. மூணாவது, எறிஞ்ச பந்து யார் கையிலயும் சிக்கலை. நாலாவது... ஈவர்ஸ் எறியக் கையைத் தூக்கறார், பின்னாடி இருந்து ஒரு கை வந்து பந்தைத் தட்டுது. தட்டின ஆளே பந்தைப் புடிச்சு 83 கெஜம் ஓடறார். அந்தக் கோடியில டச்-டவுன். மிச்சம் இருந்தது 2 நிமிஷம் 13 செகண்ட். 28-14. கதம்!

தட்டினது யாருன்னு கேட்கறீங்களா? அதே ரூம்மேட் சாயர்தான். சினிமாவுல இப்படி ஒரு சீன் வச்சா, 'டைரக்டர் ரொம்ப ஓவர்'னு நாமளே தியேட்டர்ல கத்துவோம்!

மறுநாள் எல்லார் வாயிலயும் ஈவர்ஸ் பேருதான். ஆனா ஒரு நிமிஷம் யோசிங்க. ஒரு கெஜம் தூரத்துல நிக்கும்போது பக்கவாட்டுல சுத்தி ஓடுன்னு சொன்னது யாரு? அது கோச் பெஞ்ச்ல இருந்து வந்த பிளான். ஏழு கெஜம் பறிபோனது அங்கேதான். எட்டு கெஜத்துல இருந்து கடைசி சான்ஸை ஆட வேண்டிய நெருக்கடி ஈவர்ஸ் தலையில வந்து விழுந்துச்சு. ரீப்ளேல டி.வி. திரும்பத் திரும்பக் காட்டினது என்னவோ நாலாவது சான்ஸை மட்டும்தான்.

33 செகண்ட்!

அதுக்கு முந்தின ராத்திரி மயாமி பக்கத்துல இன்னொரு செமி ஃபைனல். நோட்டர் டேமும் பென் ஸ்டேட்டும் 24-24. பென் ஸ்டேட் குவார்ட்டர்பேக் ட்ரூ ஆலர் கையில பந்து. எதிராளிங்க நெருக்க, ஓடிக்கிட்டே குறுக்கால எறிஞ்சார். நோட்டர் டேம் ஆளு கிறிஸ்டியன் கிரே தரையோட தரையா பாஞ்சு புடிச்சுட்டார். அப்ப மிச்சம் 33 செகண்ட். கொஞ்ச நேரத்துல நோட்டர் டேம் 41 கெஜத்துல இருந்து உதைச்சு மூணு பாயின்ட் எடுத்து ஜெயிச்சிடுச்சு. 27-24.

ஆலர் கண் கலங்கி நின்னார். 'அவனாலதான் போச்சு'ன்னு ஊரே சொல்லிச்சு. ஆனா ஸ்கோர் ஷீட்டைப் புரட்டினா ஒரு விஷயம் கண்ணுல படும். பந்தைப் புடிக்கறதுக்குன்னே ஓரத்துல நிறுத்தற ஆளுங்களுக்கு வைட் ரிசீவர்னு பேரு. அன்னிக்கு பென் ஸ்டேட்டோட வைட் ரிசீவர்கள் யாருமே ஒரு பந்துகூடப் புடிக்கலை. ஒண்ணுகூட! மேட்ச் பூரா ஓட்டை, கடைசி ஓட்டைக்கு மட்டும் பேர் வச்சுட்டாங்க.

இதுல இன்னொரு கூத்தும் இருக்கு. காலேஜ் பிளேயர்ஸ் விளம்பரத்துல நடிச்சு சம்பாதிக்கலாம்னு ரூல் மாறினது 2021 ஜூலையில. அதுவரைக்கும், 'பாவம், படிக்கிற பசங்க'ன்னு கொஞ்சமாவது இரக்கம் இருந்துச்சு. 'காசு வாங்கறான்ல, வாங்கிக் கட்டிக்கட்டும்'னு இப்ப பேசறாங்க. காசு வந்தா மனசு இரும்பாயிடுமா பாஸ்?

பழைய ரூலா இருந்தா?

இப்பத்தான் தலைப்பு மேட்டருக்கே வர்றேன். ஃபைனலுக்கு வந்தது நோட்டர் டேமும் ஒஹாயோ ஸ்டேட்டும். ரெண்டு பேரோட பழைய மார்க் ஷீட்டைப் பாருங்க.

நோட்டர் டேம், சீசன் தொடங்கின ரெண்டாவது வாரமே, 2024 செப்டம்பர் 7-ம் தேதி, சொந்த கிரவுண்டுல, நார்தர்ன் இல்லினாய்ங்கற சின்ன டீம்கிட்ட 16-14னு தோத்தவங்க. மானம் கப்பலேறிடுச்சு! ஒஹாயோ ஸ்டேட் மட்டும் என்ன? நவம்பர் 30-ம் தேதி, பரம வைரி மிச்சிகன்கிட்ட, அதுவும் சொந்த மண்ணுல, 13-10னு மண்ணைக் கவ்வினவங்க. 'கோச் ரயன் டேவைத் தூக்கு'ன்னு ரசிகருங்க கொதிச்சாங்க. சுருக்கமா சொன்னா, ரெண்டு பேருமே அரியர் கேஸ்!

2014 சீசன்ல இருந்து பிளே-ஆஃபுக்கு நாலு டீம்தான். 2024 சீசன்லதான் முதல் தடவையா 12 டீம்னு மாத்தினாங்க. கமிட்டி போட்ட கடைசி ரேங்க் லிஸ்ட்ல நோட்டர் டேம் அஞ்சாவது, ஒஹாயோ ஸ்டேட் ஆறாவது. புரியுதா? பழைய ரூலா இருந்தா ரெண்டு பேருக்கும் ஹால் டிக்கெட்டே கிடையாது! அந்த வீக் எண்ட்ல வீட்டுக்குப் போன டெக்ஸாஸும் பென் ஸ்டேட்டும்தான் ரேங்க்ல மூணும் நாலும். ஒரு மேட்ச்கூடத் தோக்காம முதல் ரேங்க்ல உட்கார்ந்திருந்த ஆரிகனை, ஜனவரி 1-ம் தேதியே ஒஹாயோ ஸ்டேட் 41-21னு அனுப்பி வச்சிருந்தது. ஜனவரி 20-ம் தேதி நோட்டர் டேமை 34-23னு ஜெயிச்சு அவங்களே சாம்பியன். நவம்பர்ல தூக்கச் சொன்ன அதே ரயன் டேதான் கோப்பையைத் தூக்கினார்.

பெரியவங்க மட்டும் என்ன வாழுது?

அதே சனிக்கிழமை ஹூஸ்டன்ல என்.எஃப்.எல். மேட்ச். சார்ஜர்ஸ் குவார்ட்டர்பேக் ஜஸ்டின் ஹெர்பர்ட், லீக் சீசன் முழுக்க எதிராளி கையில பந்தைக் கொடுத்தது மூணே மூணு தடவை. அன்னிக்கு ஒரே மேட்ச்ல நாலு! டெக்ஸன்ஸ் 32-12னு ஜெயிச்சாங்க. நாலு மாச உழைப்பை ஒரு மத்தியானம் அழிச்சிடுச்சு.

ஞாயித்துக்கிழமை டாம்பாவுல வாஷிங்டன் கமாண்டர்ஸும் பக்கனீயர்ஸும் 20-20. கடைசி உதை ஸேன் கொன்ஸாலஸ் கால்ல. தனக்கு ஓ.சி.டி. பிரச்னை இருக்குன்னு வெளிப்படையாப் பேசினவர் அவர். உதைக்கிறதுக்கு முன்னாடி முடியைச் சரி பண்ணார், மறுபடி சரி பண்ணார். டி.வி. கேமரா அவரையே காட்டிச்சு, பார்த்தவங்க சிலர் சிரிச்சாங்க. 37 கெஜம். பந்து வலது கம்பத்துல 'டங்'னு பட்டு... உள்ளே விழுந்துச்சு! வாஷிங்டனுக்கு 2006 ஜனவரிக்கு அப்புறம் முதல் பிளே-ஆஃப் வெற்றி. ரெண்டு இன்ச் தள்ளிப் பட்டிருந்தா அதே காலை என்ன சொல்லித் திட்டியிருப்பாங்கன்னு யோசிங்க!

திங்கள்கிழமை மேட்ச்தான் உச்சம். லாஸ் ஏஞ்சலஸ்ல காட்டுத்தீ எரிஞ்சதால அரிஸோனாவுக்கு மாத்தின மேட்ச் அது. மின்னசோட்டா வைக்கிங்ஸ் குவார்ட்டர்பேக் சாம் டார்னால்ட் லீக்ல 14 வெற்றி குவிச்சுட்டு வந்தவர். ராம்ஸ் டீம் அவரை ஒன்பது தடவை சாய்ச்சிடுச்சு. 27-9. 'பெரிய மேட்ச்னா இவன் வேலைக்கு ஆகமாட்டான்'னு முத்திரை குத்தினாங்க. மின்னசோட்டா அவரை விட்டுடுச்சு. 2025 மார்ச்ல சியாட்டில் சீஹாக்ஸ் எடுத்துக்கிட்டாங்க. அடுத்த சீசன் அங்கேயும் 14 வெற்றி. 2026 பிப்ரவரியில சூப்பர் பௌல் சாம்பியன்! சாய்ச்ச ஒன்பது தடவையும் எழுந்து நின்ன மனுஷன்பா!

உடனே 'விழுந்தவன் எல்லாம் எழுந்துடுவான்'னு மெசேஜ் சொல்றேன்னு நினைக்காதீங்க. அப்படி ஒரு கேரண்டி கிடையாது. ஈவர்ஸை 2025 என்.எஃப்.எல். தேர்வுல கடைசி சுற்றான ஏழாவது சுற்றுலதான் எடுத்தாங்க. ரூம்மேட் சாயர் நாலாவது சுற்றுலயே போயிட்டார். ஆலர் இன்னொரு தடவை பார்த்துடலாம்னு காலேஜுக்கே திரும்பினார். 2025 அக்டோபர்ல காலில் அடிபட்டு சீசனே முடிஞ்சுது. அதே வாரம் அவரோட கோச்சையும் வேலையை விட்டு அனுப்பிட்டாங்க.

அப்போ நான் சொல்ல வர்றது என்ன? திறமை எப்பவும் ஜெயிக்கும்னு சொல்ல முடியாது. ஆனா திரும்ப எழுதவே விடலேன்னா, ஜெயிச்சிருப்பானா இல்லையான்னு யாருக்கும் தெரியாமலே போயிடும். நாலு டீம் ரூலே இருந்திருந்தா, 'ஒஹாயோ அந்த வருஷம் வேஸ்ட்'னு எல்லாரும் நம்பியிருப்போம். நம்பினது தப்புன்னுகூட நமக்குத் தெரிஞ்சிருக்காது. இதுதான் என்னை உறுத்துது.

கேம்பஸ் இன்டர்வியூ நேரத்துல நம்ம ஹாஸ்டல்லயும் இதே கதைதானே? முதல் கம்பெனி குரூப் டிஸ்கஷன்ல ஒருத்தன் திக்கிட்டா, அன்னிக்கு சாயங்காலமே மெஸ்ல அவனுக்குப் பட்டப் பேர் ரெடி. மூணு வருஷம் அவன் எழுதின லேப் ரெக்கார்டைக் காப்பியடிச்சவங்களே சிரிப்பாங்க. அடுத்த கம்பெனி வரும்போது பேர் கொடுக்கவே அவனுக்குக் கூச்சம். நாலு டீம் ரூலை ரூமுக்குள்ள போட்டது யாரு? நாமதான்.

கம்பெனிக்காரங்க ரூலை நம்மால மாத்த முடியாது. மெஸ்ல அந்தப் பட்டப் பேரை மட்டும் இந்த வாரம் நிறுத்திப் பாருங்களேன். அடுத்த லிஸ்ட் போர்டுல ஒட்டும்போது, 'டேய், உன் பேரையும் எழுதிட்டேன்'னு சொல்ற ஒரு ரூம்மேட்டா இருங்க. பந்தைத் தட்டிவிட கிரவுண்டுல ஆள் இருக்கு, அந்த வேலையை நாம ரூம்ல செய்ய வேணாம்!

வர்ட்டா... அடுத்த வாரம் மீட் பண்ணுவோம்!