யாருக்குப் பொது?

எங்க அத்தை ஒப்பாரி வெச்சா சேரியே கலங்கும். ஒவ்வொரு சாவுக்கும் செத்தவங்க பட்ட பாட்டை வைத்துப் புதுசா அடி கட்டும். எம்.ஏ. தமிழ் படித்தபோது அதைப் பதிந்து ஆய்வேடு கொடுத்தேன். அட்டையில் என் பெயர். பின்னிணைப்பில் அத்தை, 'தகவலாளி'. பாட்டுக் கட்டினவளைத் தகவல் சொன்னவளாக்கிய முதல் ஆள் நான்தான்.

2016இல் ஒரு படத்துக்குப் பாடக் கூட்டிப் போனார்கள். 500 ரூபாய், ஒரு சேலை, காகிதத்தில் கைநாட்டு. பாட்டு வந்தது, வரிகள் வேறொருவர் பெயரில். கேட்டால், "நாட்டுப்புறப் பாட்டுதானே, எல்லாருக்கும் பொது" என்கிறார்கள்.

பொதுவாம்! ஊர்ப் பொதுக்கிணற்றில் எங்க குடத்தை விடவில்லை. பொதுப்பாதையில் எங்க பொணம் போகவில்லை. எங்க வாயிலிருந்து வருகிற பாட்டு மட்டும் எப்படிய்யா ஊருக்கே பொதுவாச்சு?

சட்டமும் இதே புத்தியோடுதான் பிறந்தது. 1957 பதிப்புரிமைச் சட்டத்துக்கு, எழுதியோ அச்சிட்டோ வைத்ததுதான் இசைப் படைப்பு. அப்போ எங்க பறையடி? எழுத்தைக் காட்டாமல் துரத்திவிட்டு எழுத்து எங்கே என்று கேட்ட கதைதான். 1994 திருத்தம் வந்த பிறகே, எழுதி வைக்காவிட்டாலும் இசை அமைத்தவர் இசையமைப்பாளர் என்றானது. பாடுகிறவர், வாசிக்கிறவர் உரிமையும் அப்போதுதான் சட்டத்தில் ஏறியது. 2012 திருத்தம் இன்னும் ஒரு படி போனது: படத்தில் சேர்ந்த பாட்டு தியேட்டருக்கு வெளியே பயன்படும்போது, எழுதியவரும் இசையமைத்தவரும் ராயல்டியில் தங்கள் சமபங்கை வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ அன்றி எவருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது. கைநாட்டு வாங்கிவிட்டதாலேயே அந்தப் பங்கு போய்விடாது.

ஆனால், 1969இல் தொடங்கிய ஐ.பி.ஆர்.எஸ். போன்ற சங்கங்கள் வானொலி, தொலைக்காட்சி, ஓட்டல்களில் உரிமத் தொகை வசூலித்துப் பதிவான பெயருக்குத்தான் பங்கு பிரிக்கின்றன. அத்தை பேரு எந்தப் பதிவேட்டில் இருக்கு?

"மக்கள் கலையைச் சொத்தாக்கலாமா?" என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். அது எப்பவோ சொத்தாயிடுச்சு தோழர், அடுத்தவனுக்கு.

பாட்டு சேகரிக்கப் போகிற மாணவர்களே, பாடினவர் பெயரை அட்டையில் போடுங்கள். 'தகவலாளி'யைக் கிழித்தெறியுங்கள். சங்கத்தில் அவர்களை உறுப்பினராக்கும் வேலையையும் செய்யுங்கள்.

நான் விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருக்கிறேன். "இதுக்கும் கைநாட்டா?" என்றது அத்தை.

"ஆமாத்த. இந்தத் தடவ ஒம்பேருக்கு நேரா."