கருவி மட்டும் காப்பாற்றாது

மாணவர்களே, என் வாகனமோட்டும் உரிமம் இப்போது பணப்பையில் இல்லை. கைப்பேசியில், மைஜேபிஜே செயலிக்குள் இருக்கிறது. 2023 பிப்ரவரியில் வந்த இந்த மின்னியல் வசதியை வரவேற்கிறேன். ஆனால் உரிமம் எங்கே இருக்கிறது என்பதைவிட, அதை வைத்திருப்பவர் எப்படி ஓட்டுகிறார் என்பதே முக்கியம்.

2025 ஜூன் 9 அதிகாலை, திரங்கானுவின் ஜெர்தேவிலிருந்து தஞ்சோங் மாலிமுக்குத் திரும்பிய சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்களின் பேருந்து, கெரிக் அருகே விபத்துக்குள்ளானது. 15 மாணவர்கள் உயிரிழந்தனர். விடுமுறை முடிந்து வளாகத்திற்குத் திரும்பும் அதே பயணத்தை உங்களில் பலரும் செய்கிறீர்கள்.

அதே ஆண்டு ஜூலை 1 முதல் விரைவு, சுற்றுலாப் பேருந்துகளில் பயணிகள் இருக்கைப் பட்டை அணிவது கட்டாயமானது. கனரக வாகனங்களுக்கான வேகக் கட்டுப்பாட்டுக் கருவி விதி, அக்டோபர் 1 முதல் கட்டங்கட்டமாக அமலுக்கு வந்தது. ஜிபிஎஸ் கருவியோ பேருந்தின் இடத்தையும் வேகத்தையும் நிறுவனத்திற்குத் தெரிவிக்கிறது.

இது ஓட்டுநரை வேவு பார்ப்பதாகாதா என்று சிலர் கேட்கலாம். நாற்பது உயிர்களைச் சுமந்து செல்பவரின் வேகம் அவருடைய அந்தரங்கம் அன்று. அதே வேளை, திரையைப் பார்க்க ஆளில்லை என்றால் கருவி இருந்தும் பயனில்லை. நிறுவனங்கள் கண்காணிக்க வேண்டும். அதிகாரிகள் பதிவுகளைச் சோதிக்க வேண்டும்.

நம் பங்கும் உண்டு. ஏறியதும் பட்டையை அணியுங்கள். வேகம் எல்லை மீறினால், பேருந்தின் எண்ணைக் குறித்துப் புகார் செய்யுங்கள். ‘நமக்கேன் வம்பு’ என்று கண்ணை மூடிக்கொள்ளாதீர்கள்.